ஒரே தட்டு

ஜெனீவாவில் ஆறாம் அறையின் சன்னலுக்கு ஏரி தெரியாது.
எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் தெரியும்.
இருபது வருடமாக அங்கேதான் என் நாற்காலி,
நடுவர்களுக்குக் கீழே, சாட்சிக்குப் பக்கத்தில்.
பேசுவதையெல்லாம் எழுதுகிறவள் நான்.
இருபத்திரண்டு விசைகள்;
சேர்த்து அமுக்கினால் சொல், கை பழகினால் வாக்கியம்.
"திரு. தலைவர் அவர்களே" என்பதற்கு
ஒரே தட்டு.
நாளைக்கு முந்நூறு முறை வருவதை
யார் எழுத்தெழுத்தாக அடிப்பார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை
தியோங்கே கயிரா கோட்டைக் கழற்றிக்கொண்டே நுழைந்தார்.
"மொழிபெயர்ப்பாளர் கூண்டு அந்தப் பக்கம்"
என்று வழிகாட்டிய இளம் வழக்கறிஞன்
அவர் போய் உட்கார்ந்த இடத்தின் பெயர்ப்பலகையைப் படித்தான்.
காது மடல் வரை சிவந்தான்.
அவர் பேனாவைத் திறந்து மை வருகிறதா என்று பார்த்தார்.

இடப்பக்கம் ஆம்ஸ்லர், வலப்பக்கம் பெர்க்ராம்.
இருவரையும் எனக்கு இருமலை வைத்தே தெரியும்.
ஒருவர் தலைவராக இருந்தால் மற்றவர் பக்கத்தில்,
அடுத்த வழக்கில் மாறி உட்காருவார்கள்.

முதல் நாள் மாலை பிரதியைத் திருத்தினேன்.
பதினேழு இடத்தில் அவர் "திரு."
யாரும் அப்படிச் சொல்லவில்லை.
சொன்னது என் விரல்.

வியாழன். சுரங்கத்துக்குக் கீழே வசிக்கும்
யோராம் ஹாரா சாட்சிக் கூண்டில்.
யாருடையதோ போல ஒரு கறுப்புக் கோட்டு.
தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள்.
தும்புகா மொழியில் நீளமாக ஏதோ சொன்னார்.
கூண்டிலிருந்து ஹெட்போனில் வந்தது:
"குடிநீர் வழங்கலில் தாமதம் ஏற்பட்டது."
அதற்குள் தலைவரின் முகம்
ஒரு சிரிப்பைத் தொடங்கி, பாதியில் நிறுத்தியிருந்தது.

இருபது வருடத்தில் முதல் தடவை:
அந்த மேசையில் ஒருவருக்கு
ஹெட்போனுக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது.

"அதை முழுதாகச் சொல்லுங்கள்" என்றார் கூண்டைப் பார்த்து.
முழுதாக வந்தது:
"மூன்று மாதத்தில் குழாய் வரும் என்றார்கள்.
அந்த வாரம் பிறந்த மகளுக்கு
குழாய் என்றே பேர் வைத்தேன்.
ஒன்பது வயதாகிறது.
ஊரில் இன்றைக்கும் அவள் ஒருத்திதான் குழாய்,
விடியுமுன் வாளியோடு போகிறாள்."

யாரும் சிரிக்கவில்லை. ஆம்ஸ்லர் கண்ணாடியைத் துடைத்தார்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார்.
மரியாதையோடுதான், மிகுந்த மரியாதையோடு:
"தலைவருக்குச் சாட்சியின் மொழி தெரியும் என்பதைப்
பதிவு செய்யக் கோருகிறோம். எங்கள் உரிமைகளை
நிலுவையில் வைக்கிறோம்."
அடித்தேன்.

"பதியட்டும்" என்றார் அவர்.
"அதற்குக் கீழே இதுவும்:
எனக்கு இடப்பக்கம் இருப்பவருக்கு வழக்கறிஞரின் மொழி தெரியும்.
வலப்பக்கம் இருப்பவருக்கும்.
எனக்கும்."

என் கை ஒரு நொடி பின்தங்கியது.
பிடித்துவிட்டேன்.
பெர்க்ராம் இருமினார். இந்த இருமல் புதிது.

தீர்ப்பு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.
எழுதுகிறவளுக்கு அதை அனுப்புவதில்லை.
அந்தப் பெண்ணுக்குக் குழாய் கிடைத்ததா, தெரியாது.
நடு இருக்கையில் யார் உட்கார்ந்தாலும்
ஆவணம் சில நேரம் ஆவணம்தான்.

அன்று இரவு என் அகராதியைத் திறந்து
"அம்மையார் தலைவர் அவர்களே" என்பதை,
எட்டு தட்டாக இருந்ததை,
ஒன்றாக்கினேன்.

அடுத்த வாரம் ஒன்பதாம் அறை.
மூன்று ஆண்கள், ஒரே கல்லூரியின் மூன்று கழுத்துப்பட்டைகள்.
பதினொரு மணி வாக்கில் என் விரல் தவறியது,
இந்த முறை மறுபக்கம்.
நரைத்த ஒருவரைத் திரை "அம்மையார்" என்றது.
முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

திருத்தினேன்.
அவசரப்படவில்லை.